லாரியைத் தேடிப் போன கோயில்

மிஸ்பாபுரத்துக் கிறிஸ்தவக் கோயில் முதன்முதலாக ஊரைவிட்டுக் கிளம்பியது ஆகஸ்ட் மாதத்து மூன்றாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கோயில் மணியடிக்கிற சுகிர்தராஜ் முதல் மணியை அடித்துக் கயிற்றை விட்ட கையோடு. நூற்று முப்பது வருஷமாகத் தேரிக்காட்டுச் செம்மண்ணில் ஊன்றி நின்ற அந்தக் கோயில், கோபுரமும் ஓட்டுக்கூரையும் தேக்குப் பெஞ்சுகளுமாக, உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த பெண்களும் விசிறிக்கொண்டிருந்த பெரியவர்களும் உத்தரத்தில் குடியிருந்த புறாக்களுமாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் எழுந்து போய், நாகப்பூருக்குத் தெற்கே ஒரு பெட்ரோல் பங்கில், டீசல் போடும் இடத்துக்கும் காற்றடிக்கும் இடத்துக்கும் நடுவே, ஒரு பதினாலு சக்கர லாரிக்குப் பக்கத்தில் இறங்கி நின்றது. லாரியின் டிரைவர் தேவதிரவியம் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் கதவு திறந்தது. அவர் மனைவி எஸ்கலின் படியில் வந்து நின்று இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"சாப்பிட்டியளா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றார் அவர், வாயில் நுரையோடு.

"வாயக் கொப்பளிச்சிட்டு வாங்க. ரெண்டாம் மணிக்கு இன்னும் அரைமணி இருக்கு."

இப்படி ஆனதற்குத் தேவதிரவியம்தான் காரணம் என்று ஊரில் பிற்பாடு ஒருமனதாக முடிவு செய்தார்கள். அவர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். டெல்லி, லூதியானா, ஜம்மு என்று எங்கே சொன்னார்களோ அங்கே இறக்குவார், திரும்பி வரும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ வீட்டில் இருப்பார், அந்த நாள் ஒருபோதும் ஞாயிறாக அமையாது. ஆனாலும் எந்த ஞாயிறையும் அவர் சும்மா விட்டதில்லை. எந்த ரோட்டில் இருந்தாலும் எட்டு மணிக்கு வண்டியை ஓரங்கட்டி, கை கால் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றி, எட்டரைக்குக் கேபினுக்குள் ஆராதனையைத் தொடங்கிவிடுவார். ஆண்கள் பாடும் வரியை ஆண் குரலிலும் பெண்கள் பாடும் வரியைக் கொஞ்சம் மெல்லிய குரலிலும் தானே பாடுவார். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் எழுந்து நிற்பார், கேபின் கூரை இடிப்பதால் விசுவாசப் பிரமாணம் முழுவதையும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே சொல்வார். முழங்கால் போட வேண்டிய இடத்தில் கியர் கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவே முழங்கால் போடுவார். பிரசங்க நேரம் வந்ததும் பிரசங்கம் இல்லாமலே ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருப்பார், அதில் முப்பது நிமிஷம் தூங்கிவிடுவார், ஊர்க் கோயிலில் இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம் என்பதால் மனசாட்சி உறுத்தாது. ஒரே ஒரு இடத்தில்தான் அவர் மாட்டிக்கொள்வார். பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டிய இடம். அதற்கு ஆள் இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்.

இப்படி எத்தனையோ வாரம் போன பிறகு, ஒரு ஞாயிறு அவர் ஆண்டவரிடம் நேராகவே பேசிவிட்டார். "ஆண்டவரே, நான் வரமுடியலங்கிறது உமக்குத் தெரியும். கோவிச்சுக்கிடாதேயும். ஆனா ஸ்டீயரிங்குக்குக் கைகொடுத்துக் கைகொடுத்து எனக்கு அலுத்துப்போச்சு. ஏதாவது பாரும்" என்றார். அதற்கு அடுத்த ஞாயிறுதான் கோயில் வந்தது.

சபைப் போதகர் ஆபிரகாம் சிகாமணியை, அந்தப் பக்கத்து வழக்கப்படி, எல்லோரும் ஐயர் என்பார்கள். வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டிருந்த ஐயர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வேப்பமரம் இருக்க வேண்டிய இடத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணியடிச்சாச்சுன்னா ஆராதனை நடந்தாகணும்" என்று சொல்லி, பிரசங்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இதற்குள் பங்க் மேனேஜர் தேவதிரவியத்திடம் ஓடிவந்து, இது உங்களுடையதா, கொஞ்சம் முன்னால் எடுத்துப் போட முடியுமா, பின்னால் டேங்கர் வருகிறது என்று இந்தியில் கேட்டார். ஆராதனை முடியட்டும் ஐயா என்றார் தேவதிரவியம். அப்படியே ஆயிற்று, ஐயர் கைகளை உயர்த்தி ஆசீர்வாதம் கூறி, சபை கடைசி ஆமென் சொல்லி வாய் மூடுவதற்குள் கோயில் மிஸ்பாபுரத்தில் இருந்தது. டேங்கருக்கு வழிவிட ஆமெனுக்கு முன்னமே படியிறங்கி லாரிக்குத் திரும்பிக்கொண்டிருந்த தேவதிரவியத்தின் முதுகில் ஒரு காற்று அடித்தது, அவ்வளவுதான்.

அதன்பின் வாராவாரம் இதுவே வழக்கமாயிற்று. முதல் மணிக்குக் கோயில் கிளம்பும், கடைசி ஆமெனுக்குத் திரும்பும். மிஸ்பாபுரத்து ஜனங்கள் அதிசயத்தை ஒரு வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரத்திலிருந்து அதிலுள்ள வசதி வசதிக்குறைவுகளைப் பேசினார்கள். முதலாவது, தாமதமாக வருகிற பழக்கம் ஒழிந்தது. எட்டு மணிக்குப் பிறகு வந்தவர்கள் கோயில் இருந்த இடத்தில் செம்மண் தரையும் நாலு ஆடுகளும் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, ஆகவே சபை தோன்றிய நாள் முதலாக நடக்காத காரியமாய் ஊரே ஏழே முக்காலுக்கு உள்ளே இருந்தது. இரண்டாவது, பிரசங்கம் தொடங்கியதும் மரத்தடிக்கு நழுவுகிற ஆண்கள், மரத்தைத் தேடி வெளியே வந்து, குண்டூரில் மிளகாய் காயப்போட்ட களத்தில் நின்று கண்ணீர்விட்டார்கள். சபைக் காரியங்களைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் கனகமணி நாகப்பூரில் ஆரஞ்சுப் பழம் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஆமென் சொல்லிவிட்டார்கள். அவர் புதன்கிழமை ரயிலில் வந்து சேர்ந்தார், பழக்கூடையோடு.

ஆனால் அந்தக் கூடையில்தான் வினை இருந்தது. பழம் நன்றாக இருந்தது. அடுத்த ஞாயிறு பெண்கள் ஐக்கிய சங்கம் முழுவதும் ஒயர்க்கூடையோடு கோயிலுக்கு வந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஜன்னல் பக்கம் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடந்தது. ஆக்ராவுக்கு ஒரு தடவை, அமிர்தசரசுக்கு ஒரு தடவை என்று கமிட்டி தீர்மானம் போட்டு, கனகமணி கையெழுத்தோடு லாரி முதலாளிக்கே கடிதம் அனுப்பியது. முதலாளியும், வேறென்ன செய்வார், தேவதிரவியத்துக்கு அந்தப் பக்கமாகவே லோடு கொடுத்தார்.

ஐயருக்கு மனது ஒடிந்துபோயிற்று. முப்பது வருஷ ஊழியத்தில் அவருடைய பிரசங்கத்தை முடிவுவரைக்கும் விழித்திருந்து கேட்டவர் ஒருவருமில்லை. இருபதாம் நிமிஷத்தில் இருமல் தொடங்கும், முப்பதாம் நிமிஷத்தில் செருப்புத் தேடும் சத்தம் கேட்கும். இப்போதோ ஐந்தாம் நிமிஷத்திலேயே, "ஐயரே, கடை மூடிருவான்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

தேவதிரவியத்துக்கு அதைவிட வேதனை. ஆண்டவர் தன்மேல் இரக்கப்பட்டு அனுப்பிய கோயிலை ஊர் சுற்றுலா வண்டியாக்கிவிட்டதே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. நவம்பரில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு ஞாயிறு ஊருக்கே வந்து கோயிலில் உட்கார்ந்தார். முதல் மணி அடித்தது. கோயில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றது. ஊர் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது, கல்யாண வீட்டில் சோற்றுப் பானையைக் கவிழ்த்தவனைப் பார்ப்பதுபோல.

"எப்ப கிளம்புத?" என்று கேட்டார் கனகமணி.

"நேத்துதானே வந்தேன் அண்ணாச்சி."

"அதான் கேக்கேன். இன்னும் எத்தன நாளு?"

எஸ்கலினின் கணக்கு வேறு. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவிலுள்ள அந்த அரைமணி நேரம்தான். அதற்குள் கேபினில் ஏறி, தூக்குவாளியைத் திறந்து அவருக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டு, அழுக்குச் சட்டையை வாங்கிக்கொண்டு துவைத்த சட்டையைக் கொடுத்து, மகள் நர்சிங் படிப்பு எப்படிப் போகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவள் பெண்கள் பக்கத்துப் பாய்க்குப் போவாள், அவர் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுக்குப் போவார். ஆராதனை முடியும்போது அவள் உள்ளே, அவர் வெளியே. தாஜ்மகாலை ஊரே பார்த்தபோது அவள் பார்க்கவில்லை. அவருக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் மாதம் கமிட்டி தன் பெரிய தீர்மானத்தைப் போட்டது. இந்த வருஷத்து அசனத்தைப் பனியில் வைக்க வேண்டும் என்பதே அது. அசனம் என்றால் சபையார் எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுகிற திருவிழா. அதைக் காஷ்மீரில், வெள்ளைவெளேரென்ற பனியில் வைத்துப் படமெடுத்தால், பக்கத்து ஊர் சபை ஆயுசுக்கும் தலைதூக்காது என்றார் கனகமணி. ஆகவே ஸ்ரீநகருக்குத் தீப்பெட்டி லோடு ஏற்பாடாயிற்று. தேவதிரவியம் வண்டியை எடுத்தார்.

ஜம்முவைத் தாண்டி மலையேறிய பிறகு, வியாழக்கிழமை மத்தியானம், முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடியது. பின்னால் பனி விழுந்து வந்த வழியையும் மூடியது. நடுவே நூற்றிருபது லாரிகள். வெள்ளிக்கிழமை ரொட்டி தீர்ந்தது, சனிக்கிழமை அடுப்பு எரிக்க மண்ணெண்ணெய் தீர்ந்தது, எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்காய்ந்தவர்களுக்கு டீசலும் தீர்ந்துகொண்டிருந்தது. தேவதிரவியத்தின் வண்டிக்கு முன்னால் பல்வந்தர் சிங் என்று ஒரு வயதான சர்தார்ஜியின் லாரி நின்றது. உடன் வந்த தம்பி மகன் அவருடைய கால்களைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோயிருந்தான், அவர் நடுங்குவதையும் நிறுத்திவிட்டு, தூக்கம் வருகிறது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். தேவதிரவியம் தன் கம்பளியைக் கொண்டுபோய் அவர்மேல் போட்டார். ஞாயிறு காலை ஆயிற்று.

எட்டு மணிக்குக் கோயில் வந்து இறங்கியது, பனியில் கொஞ்சம் புதைந்து.

மிஸ்பாபுரத்து ஜனங்கள் கதவைத் திறந்துகொண்டு ஓவென்று கத்தியபடி ஓடிவந்தார்கள். வெள்ளை வேட்டியும் ரப்பர் செருப்புமாக ஓடிவந்த ஆண்கள் பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். பெண்கள் பனியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக்கூட இல்லையே என்றார்கள். கனகமணி மஃப்ளரோடு படத்துக்கு நின்றார். எஸ்கலின் மட்டும் நேராகப் புருஷனிடம் போனாள். அவர் உதடு நீலமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தாள், ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு முகம் இருந்தது. திரும்பி, தெருச்சண்டையை விலக்கும் குரலில், "எல்லாரும் வெளையாட்ட நிறுத்துங்க!" என்றாள்.

பல்வந்தர் சிங்கை நாலு பேராகத் தூக்கிக்கொண்டுபோய் முதல் பெஞ்சில் படுக்கவைத்துப் பெண்களின் பாயையெல்லாம் சுற்றினார்கள். மற்ற டிரைவர்களும் கிளீனர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். பஞ்சாபிகள், காஷ்மீரிகள், பீகாரிகள், ஒரு நாமக்கல்காரர். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். இருநூற்றைம்பது பேர் உட்காரும் கோயிலில் நானூற்றுக்கு மேல் சேர்ந்தது. அதனாலேயே உள்ளே வெதுவெதுப்பு வந்தது. அசனத்துக்காக மூட்டை அரிசியும் அண்டாக்களும் விறகும் உரித்த ஆடுகளும் வந்திருந்தன. அடுப்பு மூட்டும்போதுதான் தெரிந்தது, தீப்பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று. தேவதிரவியம் தார்ப்பாயைத் தூக்கிப் பதினாறு டன்னிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு அவர் ஐயரிடம் வந்தார்.

"ஐயரே, இன்னிக்கு ஆமென் சொல்லிராதீங்க."

"ஏம்ப்பா?"

"சொன்னா கோயில் போயிரும். இவங்க வண்டிய விட்டுட்டு வரமாட்டாங்க. திரும்பவும் குளிர்ல நிப்பாங்க. அந்தப் பெரியவரு தாங்கமாட்டாரு."

"ரோடு எப்ப தொறக்கும்?"

"தெரியல. ரெண்டு நாளு ஆகலாம்."

சபையில் சலசலப்பு எழுந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம், பால் கறக்க ஆளில்லை, கேஸ் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் என்று நூறு குரல். ஐயர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "அப்ப, ஆசீர்வாதம் சொல்ற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கணும்" என்றார் மெதுவாக. "ரெண்டு நாள்." அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அந்தச் சபை அதற்குமுன் கண்டதில்லை. கனகமணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஐயர் பேசினார். ஞாயிறு முழுவதும் பேசினார். அன்றைக்கு எழுதி வந்ததைப் பேசினார், போன வருஷம் பாதியில் நிறுத்தியதைப் பேசினார், முப்பது வருஷமாக இருமலில் அமுங்கிப்போன பிரசங்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் தூசிதட்டிப் பேசினார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத பஞ்சாபி டிரைவர்கள் வாய் பிளந்து, கண் இமைக்காமல், ஏதோ நல்ல சேதி என்று தலையாட்டிக் கேட்டார்கள். அதைப் பார்த்து ஐயருக்கு இன்னும் பேச்சு வந்தது. யாருக்காவது சாப்பாடு வந்தால் சாப்பிட்டார்கள், தூக்கம் வந்தால் தூங்கினார்கள், ஐயர் சாப்பிடப் போனபோது பெண்கள் கீர்த்தனை பாடி இடத்தை நிரப்பினார்கள்.

எந்த ஆமெனைக் கோயில் கடைசி ஆமெனாக எடுத்துக்கொள்ளுமோ தெரியாததால், ஆபத்து ஆமென் என்ற சொல்லிலேயே இருந்தது. பிறந்ததுமுதல் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அல்லவா? சாப்பாட்டு ஜெபத்தின் முடிவில் சுகிர்தராஜ் பாதி சொல்லிவிட்டார், கோயில் ஒரு முழம் எழும்பி மறுபடியும் பனியில் உட்கார்ந்தது. அதன்பின் எந்த ஜெபமாக இருந்தாலும் முடிவில் "சரிங்க" என்றுதான் சொல்ல வேண்டும் என்று கமிட்டி அவசரத் தீர்மானம் போட்டது. ஐயர் உருக்கமாக ஜெபிப்பார், நானூறு பேரும் கண்ணை மூடிக்கொண்டு "சரிங்க" என்பார்கள். காஷ்மீரி டிரைவர்கள் தங்கள் தொழுகையிலும் ஆமீன் உண்டென்றும், கோயிலுக்கு எதற்கு வீண் சிரமம் என்றும் சொல்லி, வேளாவேளைக்கு வெளியே போய்ப் பனியில் தொழுதுவிட்டு வந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்போதெல்லாம் எஸ்கலின் வாசலில் சுக்குக் காப்பியோடு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐயருக்குத் தொண்டை அடைத்தது. பிரசங்கமும் தீர்ந்துவிட்டது. அவர் தேவதிரவியத்தைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார், நீ வந்து பேசு என்று.

தேவதிரவியம் பீடத்தருகில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது" என்றார். "ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு வண்டிய ஓரங்கட்டுவேன். சட்டை மாத்துவேன். பாட்டுப் படிப்பேன், ரெண்டு பக்கத்தையும் நானே படிப்பேன். பக்கத்து வண்டிக்காரன் பைத்தியம்னு நெனச்சிருப்பான். சில வாரம் ஆண்டவர் கேட்டாருன்னு தோணும். சில வாரம் ஒண்ணும் தோணாது, கூரைல தலைய இடிச்சதுதான் மிச்சம். ஆனா விட்டுட்டா, அடுத்த வாரமும் விடத் தோணும்னு பயம். அதான் விடல. கோயில் வந்தப்ப எனக்காகத்தான் வந்துச்சுன்னு நெனச்சேன். நீங்கள்லாம் பழம் வாங்கப் போனப்ப உங்க மேல கோவமாவும் இருந்தேன். இப்பப் பாத்தா..." என்று முதல் பெஞ்சைப் பார்த்தார். பல்வந்தர் சிங் பாய்க்குள்ளிருந்து தாடியை மட்டும் வெளியே நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. "இவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

"சரிங்க" என்றது சபை. கனகமணி மஃப்ளரால் மூக்கைச் சிந்தினார். நாமக்கல்காரர் இந்தியில் சொல்லிக் கொடுக்க, டிரைவர்களும் சரிங்க என்றார்கள்.

பதினொரு மணிக்கு முன்னால் எங்கேயோ ஒரு ஹாரன் அடித்தது, பிறகு பத்து, பிறகு மலை முழுவதும் ஹாரன். ரோடு திறந்துவிட்டது. டிரைவர்கள் எழுந்து எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டிகளுக்கு ஓடினார்கள். ஐயர் பீடத்தில் ஏறி நின்று கைகளை உயர்த்தி வாய் திறந்தார். காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றார். குரல் மூன்று நாளில் முழுசாய்ச் செலவாகிவிட்டது. கடைசியில் அவர் உதட்டசைவைப் பார்த்துச் சபையே ஆசீர்வாதத்தைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. முடிவில், மூன்று நாள் அடக்கிவைத்த ஆமெனை, உள்ளே இருநூற்றைம்பது பேரும், வெளியே கேபின்களில் ஏறியிருந்த நூற்றிருபது டிரைவர்களும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பக்கத்து மலையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. கோயில் போயிற்று.

முதல் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பல்வந்தர் சிங்கும் கூடவே போனார் என்பது அவருடைய லாரியைத் தம்பி மகன் ஓட்டிக்கொண்டு பத்து மைல் போன பிறகுதான் தெரிந்தது. அவர் மிஸ்பாபுரத்தில் கண்விழித்து, இங்கே எவ்வளவு நல்ல வெயில் என்றாராம். அடுத்த ஞாயிறு கோயில் அவரைக் கொண்டுவந்து விடும்வரை கனகமணி வீட்டில்தான் இருந்தார். அங்கே அவர் சுட்ட ரொட்டியைத் தின்று பழகிய கனகமணி அதற்குப்பின் இட்டிலியைக் குறைசொல்லத் தொடங்கியது தனிக்கதை.

இங்கே மலையில், கோயில் நின்றிருந்த இடத்தில் பனி இல்லாமல் நீளச்சதுரமாகத் தரை தெரிந்தது. தேவதிரவியம் கேபின் கதவைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். லாரிக்கு அந்தப் பக்கம், காப்பிப் பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எஸ்கலின் நின்றிருந்தாள்.

"ஏட்டி, நீ போகலையா?"

"வெளிய நின்னுட்டேன். தெரியாம."

"தெரியாமயா?"

"சரி, தெரிஞ்சுதான்" என்றாள். "மகள் ஆஸ்டல்ல இருக்கா. கோழிய அடுத்த வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன். ஏறலாமா, இங்கனயே நிக்கவா?"

அவர் கையைக் கொடுத்தார். அவள் பிடித்து ஏறி, சீட்டில் கிடந்த துணிகளை ஒதுக்கி உட்கார்ந்து, புடவையைக் காலோடு சுற்றிக்கொண்டாள். லாரி நகர்ந்தது. முன்னால் நூறு வண்டி, பின்னால் சில வண்டிகள். வளைவுக்கு வளைவு ஹாரன்.

"இன்னிக்கு என்ன கெழம?" என்றாள்.

"செவ்வாய்."

"நாம செவ்வாக்கெழம பேசி நாலு வருஷம் இருக்கும்."

அவர் யோசித்துப் பார்த்தார். "அதுக்கு மேல இருக்கும்" என்றார்.

"அரைமணி நேரத்துல எத சொல்லுறது, எத விடுறது? விட்டதெல்லாம் அப்படியே கெடக்கு" என்று எஸ்கலின் காப்பிப் பாத்திரத்தைக் காலுக்கடியில் வைத்துவிட்டு, அவர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, முதலில், போன பங்குனியில் ரேஷன் கடை வரிசையில் தன்னை ஒருத்தி என்ன சொன்னாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். ரோடு இறக்கமாக இருந்தது, வழியும் திறந்திருந்தது, வேகமாகவே போகலாம். தேவதிரவியம் கியரைக் குறைத்து, பின்னால் வந்த வண்டிகளுக்கெல்லாம் ஜன்னல் வழியே கைகாட்டி, முந்திப் போகச் சொன்னார்.